மூன்றாவது பிடி

1946 ஜூன் 1, சனி.

மே 25-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பிழை. அரியலூர்க் குஸ்தியில் மூன்றாவது பிடி 5 மணி 21 நிமிடத்தில் முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். அங்கிருந்து நான் பார்த்து எழுதிய மண்டிக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுவது நேற்றுத்தான் தெரிந்தது. ஆகவே 5 மணி 19 நிமிடம் என்று கொள்ள வேண்டும். மற்ற இரண்டு பிடிகளுக்கும் இதே கழிவு.

ஞானப்பிரகாசம் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, மையை ஊதி உலர்த்தினான். அவனுக்கு வயது பத்தொன்பது. பகலில் அரியலூர்க் கடலை மண்டி ஒன்றில் மூட்டை எடை எழுதுவான். மாலை ஆறு மணிக்குச் சிங்காரவேலு சார் நடத்தும் வகுப்புக்குப் போவான். சனிக்கிழமை மண்டி அரை நாள்தான், வகுப்பும் இல்லை. இங்கிலீஷும் கடிதம் எழுதவும் அங்கே சொல்லித் தந்தார்கள். சேர்ந்த அன்றே சார் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "தினம் எழுதணும். தப்பு வந்தா அடிக்காதே, சுரண்டாதே. எந்தத் தேதியில கண்டுபிடிச்சியோ அந்தத் தேதியில புதுசா எழுது" என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு மாதத்தில் நோட்டைக் கைவிட்டார்கள். இவனால் கைவிட முடியவில்லை. ஏழு மாதத்தில் நாற்பத்தாறு திருத்தம் எழுதியிருந்தான். அதில் பாதிக்கு மேல் திருத்தத்துக்குத் திருத்தம்.

இன்றைய திருத்தம் சரியானதுதான். ஆனால் அந்தக் குறிப்பில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஏழு நாளாக அது அவனுக்குத் தெரியும்.

"எழுதி முடிச்சிட்டியா, இல்ல மேல்பூச்சு இன்னும் பாக்கி இருக்கா?" என்றாள் அவன் அக்கா லீலா மேரி. அவள் வீட்டில்தான் அவன் தங்கியிருந்தான்.

வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து அவள் கீற்று முடைந்துகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் கொடியேற்றம். பந்தலுக்கு வீட்டுக்கு இருபது கீற்று கொடுக்க வேண்டும். கொள்ளிடக் கரையிலிருந்து வண்டியில் வந்த மட்டைகளை இரண்டு நாள் குட்டையில் ஊறப்போட்டிருந்தார்கள். கொட்டகை முழுக்க ஊறிய ஓலை வாடை. கத்திரி முடிந்து நாலு நாளாகியும் வெயில் இறங்கவில்லை. செம்மண் தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அவள் புருஷன் அடைக்கலசாமி வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டி அது. ஒரு வாரமாக நுகத்தடி தரையில் கிடந்தது. யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பொருள்போல, வலது கையை மடியில் வைத்திருந்தார். குரும்பலூரில் எலும்பு வைத்தியம் பார்க்கும் பெரியவர் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல, நரம்பு. கையில உணர்ச்சி வர ஒரு மண்டலம் போகட்டும்" என்று எண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தார்.

"நாளைக்கு ஊருக்கு முன்னாடி படிக்கணும். இப்ப ஒரு தடவ எங்களுக்குப் படிச்சுக் காட்டு. தடுமாறினா அதுக்கும் ஒண்ணு சொல்லுவானுங்க" என்றாள் லீலா மேரி.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், சப்பரம் தூக்கும் எட்டுப் பேரும் தத்தம் தண்டைத் தொட்டு, 'என் தோள்ல பொய் இல்ல' என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். தோள் உறுத்தாமல் இருக்க அவரவர் வீட்டுத் துணியைத் தண்டில் முன்னதாகவே சுற்றிவிடுவார்கள். ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டார் தொடமாட்டார்கள். முன்தண்டின் வலப்பக்கம் அடைக்கலசாமியின் இடம். அவருக்கு முன் அவருடைய அப்பா அங்கே நின்றார். பதினாறு வருஷமாக அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறார். அது ஒரு கேள்வி என்று அவருக்கோ வேறு யாருக்குமோ தோன்றியதில்லை.

இந்த வருஷம் அது கேள்வியாகிவிட்டது.

கல் வேலை இல்லாத மாதங்களில் அடைக்கலசாமி குஸ்திக் கம்பெனியோடு போவார். கொட்டகை காண்ட்ராக்டர் சாமிக்கண்ணு கூப்பிட்டனுப்புவார். சேலம், விருத்தாசலம், பெரம்பலூர் என்று கோதா போட்ட இடமெல்லாம் போய் வருவார். போன இடத்தில் என்ன நடந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. உடம்பைப் பார்த்துப் பயில்வான் என்று கூப்பிட்டார்கள். அவரும் சரி என்று இருந்துவிட்டார். மே மாதம்தான் முதல்முறையாகக் கம்பெனி அரியலூருக்கு வந்தது. வெள்ளிப் பட்டை வாங்கிய வைரக்கண்ணு பயில்வானோடு அடைக்கலசாமி மோதுகிறார் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர் பதினொரு வண்டி கட்டிக்கொண்டு போனது. அன்று கோதாவின் பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போன சவரிமுத்து, காண்ட்ராக்டர் அடைக்கலசாமியிடம், "மூணாவது பிடியில. மறந்துடாத" என்று சொன்னதைக் கேட்டுவிட்டான். மூன்றாவது பிடியில் அடைக்கலசாமி விழுந்தார். திரும்பி வந்த பதினொரு வண்டியிலும் அதே பேச்சு. விலைபோன தோளில் அந்தோணியாரை ஏற்றலாமா?

நாட்டாமை செல்வநாதன் சண்டை வேண்டாம் என்று நினைக்கிற மனுஷர். "நம்ம ஞானப்பிரகாசம் மணி பார்த்து ஒண்ணொண்ணா எழுதி வச்சிருக்கானாமே. ஞாயித்துக்கெழம அதப் படிச்சிட்டா முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டார்.

ஞானப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"4.38. வைரக்கண்ணு பயில்வான் கோதாவுக்குள் வந்தார். இடுப்பில் வெள்ளிப் பட்டை. கூட்டம் கைதட்டியது. 4.41. மச்சான் வந்தார். நம் ஊரார் மிகுதியாகக் கைதட்டினார்கள்."

"சோடா விக்கிறவன் கூடையை எறக்கி வச்சிட்டுத் தட்டினான். அத எழுதலியா?" என்றாள் லீலா மேரி.

"எழுதல, அக்கா."

"அதத்தான் எழுதணும். மணியா முக்கியம்? படி."

"4.47. முதல் பிடி. கழுத்தைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். பதினொரு நிமிடம் யாரும் அசையவில்லை. 4.58-க்கு மச்சான் வைரக்கண்ணுவை மல்லாத்தினார்."

"அது அவன் குடுத்தது" என்றார் அடைக்கலசாமி.

லீலா மேரியின் கை ஒரு ஓலையைத் தாண்டி அடுத்ததைப் பிடித்தது. அவள் பிரித்து மறுபடி கோத்தாள்.

"மொத பிடி எனக்கு, ரெண்டாவது அவனுக்கு. அப்பதான் மூணாவதுக்கு ஜனம் உக்காந்திருக்கும். அந்தப் பதினோரு நிமிஷமும் பேசிக்கிட்டுதான் நின்னோம், மாப்ள."

"என்ன பேசினீங்க?"

"அவன் வூட்டுல மாடு கன்னு போட்டிருக்காம். காளக்கன்னாம். வச்சுக்கவா, வித்துடவான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வச்சுக்கன்னேன்."

"நல்லாத்தான் இருக்கு. பொம்பளைங்க நாங்க செபமாலைய உருட்டிக்கிட்டு வேகாத வெயில்ல உக்காந்திருக்கோம். ரெண்டு பேரும் கழுத்தக் கட்டிக்கிட்டு மாட்டு யாவாரம் பேசியிருக்கீங்க. இதையும் நாளைக்கு எடுத்து விடப் போறீங்களா?" என்றாள் லீலா மேரி.

"கேட்டா சொல்றேன்."

"கேக்க மாட்டாங்க. கேக்காததச் சொல்ல வேணாம். நீ படிடா."

இரண்டாவது பிடியை ஞானப்பிரகாசம் வேகமாகப் படித்துவிட்டான். 5.04-இல் தொடங்கி 5.11-இல் முடிந்தது. வைரக்கண்ணு காலை வாரினார். நாலு நிமிடம் ஓய்வு. அடைக்கலசாமி தலையை ஆட்டினார். எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தது.

"5.15. மூன்றாவது பிடி." இங்கே அவன் குரல் இறங்கியது. "5.21. வைரக்கண்ணு இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். மச்சான் நியாயமாக விழுந்தார். முதலில் வலது தோளும் பிறகு இடது தோளும் மண்ணைத் தொட்டன. இதில், வந்து, 5.21 என்பது 5.19."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், மச்சான்."

"வலது தோளா மொதல்ல?" அடைக்கலசாமி இடது கையால் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். "இங்கல்ல மொதல்ல பட்டுச்சு. தோளு அப்புறம்தான். நீ எங்க உக்காந்திருந்த?"

"முன் வரிசையில."

"பார்த்தியா?"

ஞானப்பிரகாசம் நோட்டை மூடினான். திறந்தான். பிறகு சொன்னான்:

"பாக்கல, மச்சான். 5.15-க்கு அப்புறம் அடுத்த வரி எழுதறப்ப பென்சில் முனை ஒடிஞ்சிடுச்சு. பல்லால கடிச்சு முனை எடுத்துக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தா நீங்க கீழ கெடந்தீங்க. பக்கத்துல தா.பழூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. அவரக் கேட்டு எழுதினேன்."

"நியாயமாங்கிறது அவரு சொன்னதா?"

"அது நான் போட்டது."

லீலா மேரி முடைவதை நிறுத்தினாள். தம்பியைப் பார்த்தாள்.

"அரியலூரே வாயப் பொளந்துக்கிட்டுப் பார்த்துச்சு. நீ பென்சிலுக்குக் கொண்டை போட்டுக்கிட்டிருந்தியா?"

அவன் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"சரி. எழுதினது எழுதினதா இருக்கட்டும். நாளைக்கு இதையே படி. பென்சில் கதைய யாருகிட்டயும் சொல்லாத. எங்க மாமனார் நின்ன எடம் அது. இந்த வூட்ல வேற என்ன இருக்கு? ஒரு வண்டி இருக்கு, ஓட்டக் கை இல்ல. எடமும் போச்சுன்னா தண்ணிக்குப் போற வழியில என்னப் பார்த்துச் சிரிப்பாளுங்க."

"அக்கா, அது பொய்யி."

"ஏழு நாளு நோட்டுக்குள்ள இருந்துச்சே, அப்ப பொய்யா இல்லியா?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை, ஓலையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"ஏங்க, நீங்களே சொல்லிடுங்க. அவன் தள்ளினானா, நீங்களா போனீங்களா?"

அடைக்கலசாமி சக்கரத்தில் சாய்ந்தபடியே பேசினார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கல் எத்தனை நடை போச்சு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்க தொழில்ல ஒண்ணு இருக்கு. பதினோரு மரக்கா நெல்லு மூட்டைய வேணா தூக்கிடலாம். வர மாட்டேன்னு நிக்கிற மனுஷன ஒருத்தனும் தூக்க முடியாது. தூக்கறவன் காதுல 'வா'ம்பான். தூக்கப்படறவன் லேசா எம்பணும். அப்பத்தான் மேல போவான். கீழ வரப்ப தாடைய நெஞ்சோட ஒட்டிக்கணும், மூச்ச விட்டுடணும், முதுகு முழுக்க ஒரே சமயத்துல மண்ணுல படணும். பன்னெண்டு வருஷமா அதத்தான் செய்யறேன். முந்தின வாரம் பெரம்பலூர்ல இதே வைரக்கண்ணு, இதே பிடி. எந்திரிச்சுத் தூசியத் தட்டிட்டு டீ குடிச்சேன்."

"அப்ப அரியலூர்லயும் எம்பினீங்க."

"இல்ல புள்ள. நம்ம வண்டி பதினொண்ணும் வரிசையா நிக்கிறதப் பார்த்தேன். இன்னிக்கு மட்டும் எம்பறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். காண்ட்ராக்டர்கிட்ட சரின்னுதான் சொன்னேன். மனசுக்குள்ள இல்லன்னு வச்சிருந்தேன். கால ஊனி நின்னேன். அவன் புடிச்சான். 'வா அண்ணே'ன்னான்."

அவர் தன் கால்களைப் பார்த்தார்.

"கால் எம்பிடுச்சு."

"யாரு கால்?"

"என் கால்தான். நான் எம்பல. அது எம்பிடுச்சு. மேல போனப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது. மனசு வரலல்ல, அதனால தாடைய ஒட்ட மறந்துட்டேன். முழுசா விழுந்திருந்தா அடி பட்டிருக்காது. முழுசா நின்னிருந்தாலும் பட்டிருக்காது."

கொட்டகைக்கு வெளியே மாடு ஒன்று காதை உதறியது. லீலா மேரி ஓலையின் நுனியை மடித்துச் சொருகி, முடிந்த கீற்றை அடுக்கின்மேல் வைத்தாள். பதினான்கு ஆகியிருந்தது.

"அப்ப வித்தீங்களா இல்லியா?" என்றாள்.

"அதான் தெரியல."

சாயங்காலம் அவள் வரகரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அவர் இடது கையால் சாப்பிட்டார். கைமாறிச் சாப்பிடுவதால் முழங்கை வரை குழம்பு வழிந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று ஞானப்பிரகாசம் பார்த்தான். ஒன்றும் இல்லை.

மறுநாள் பூசை முடிந்து ஜனம் கலையாமல் சப்பரக் கொட்டகைக்கு வந்தது. தண்டுகளுக்கு இலுப்பை எண்ணெய் பூசி, மரக்கட்டைமேல் கிடத்தியிருந்தார்கள். முன்தண்டின் வலப்பக்கம் லீலா மேரி வெள்ளிக்கிழமை சுற்றிய வெள்ளைத் துணி இருந்தது.

நாட்டாமை செல்வநாதன், "எல்லாரும் கேளுங்கப்பா. பேச்சு பேச்சா போயிக்கிட்டிருக்கக் கூடாது. ஞானப்பிரகாசம், படி" என்றார்.

அவன் படித்தான். முதல் பிடி வந்தபோது இரண்டு பேர் தலையாட்டினார்கள். இரண்டாவது பிடியும் முடிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் பெண்கள் பக்கம் அக்கா நின்றாள். அவன் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க நோட்டையே பார்த்தான். 'நியாயமாக' என்ற சொல் அவனுடைய நல்ல கையெழுத்தில், மற்ற சொற்களைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது.

"மூணாவது பிடிய நான் பாக்கலங்க" என்றான்.

"என்னது?"

"குனிஞ்சுக்கிட்டிருந்தேன். பென்சில் ஒடிஞ்சு போச்சு. இதுல இருக்கறது இன்னொருத்தர் சொல்லி எழுதினதுங்க."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

"ஏண்டாப்பா, கல்யாணத்துக்குப் போயி தாலி கட்டறப்ப செருப்பத் தேடினவன் கதையால்ல இருக்கு!"

"அரியலூர்ப் படிப்புப்பா. மணி பார்க்கத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, மனுஷனப் பார்க்க அடுத்த வருஷமாம்."

நாட்டாமை கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது. அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. சுலபமாக முடியும் என்று நினைத்திருந்தவர் அவர்.

"சரி, நோட்டு வேணாம். நோட்டுக்கு முன்னாடியே நம்ம வழக்கம் இருக்கு. அடைக்கலம், வாப்பா. தொட்டுச் சொல்லிடு. நீ சொன்னா ஊரு கேட்டுக்கும்."

அடைக்கலசாமி வந்தார். வலது கையை இடது கையால் தூக்கித் தண்டின்மேல், தன் வீட்டுத் துணியின்மேல் வைத்தார். இடது கையை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஞானப்பிரகாசத்தின் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"மாப்ள, தொட்டிருக்கேனா?"

"தொட்டிருக்கீங்க, மச்சான்."

அவர் நிமிர்ந்தார். "என் தோள்ல" என்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

"சொல்லு அடைக்கலம். இன்னும் ரெண்டு வார்த்தைதான்" என்றார் நாட்டாமை. அது கிட்டத்தட்டக் கெஞ்சல்.

"தெரியலங்க, நாட்டாம. இருந்தாலும் இருக்கும். தெரியாதத எப்படிச் சொல்றது?"

கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து முன்னால் வந்தான். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அண்ணே, காதுல விழுந்தத நான் சொன்னேன். எடத்த நான் கேக்கல. அந்தோணியார் சத்தியமா கேக்கல."

"நீ என்னடா பண்ணுவ" என்றார் அடைக்கலசாமி.

கையை எடுப்பதற்கும் அவர் இடது கையைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னார்கள். எப்போதும்போல் கடகடவென்று சொல்ல அவர்களால் முடியவில்லை. நாலாவதாக வந்தவர் ஒருமுறை சொல்லி, நிறுத்தி, மறுபடி சொன்னார். முன்தண்டின் வலப்பக்கம் இந்த வருஷம் சவரிமுத்து என்று முடிவானது. கொடி ஏறுவதற்குள் பழைய துணியை எடுத்துவிட வேண்டும். அந்த வீட்டார்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் லீலா மேரி முன்னால் நடந்தாள். குழாயடி என்று எதுவும் இல்லாத ஊர் அது. குளத்துப் படியில் நின்ற இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கழுவத் தொடங்கினார்கள். அவள் நின்று, "என்னடி, கறி எடுத்தாச்சா?" என்று அவர்களைக் கேட்டாள். "எடுத்தாச்சு, அக்கா" என்றார்கள். அவ்வளவுதான்.

கொட்டகையில் அவள் மறுபடி மட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் ஆறு கீற்று பாக்கி இருந்தது.

"தோள்ல எடம் இல்லன்னாலும் கீத்து குடுக்கணுமா, அக்கா?" என்றான் ஞானப்பிரகாசம்.

"கீத்து வூட்டுக் கணக்குடா. தோளு ஆளுக் கணக்கு" என்றாள்.

அடைக்கலசாமி சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஓலையின் அடிப்பக்கத்தை நகராமல் காலால் மிதித்துக்கொண்டார். அவர் மிதித்துக்கொள்ள, அவள் முடைந்தாள். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் அதில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு கீற்று முடிந்ததும், அவள் சொல்லாமலே அவர் காலை எடுத்தார்.

"தம்பி, அந்தத் துணிய நீ போய் அவுத்துட்டு வந்துடு. இவரால முடிச்ச அவுக்க முடியாது. நான் போறதா இல்ல" என்றாள்.

"சரி, அக்கா."

"இறுக்கிப் போட்டிருக்கேன். அறுத்துடாத."

வெயில் தாழ்ந்ததும் அவன் நோட்டை எடுத்தான்.

1946 ஜூன் 2, ஞாயிறு.

மே 25-ஆம் தேதிக் குறிப்பில் இன்னொரு பிழை. மூன்றாவது பிடியை நான் பார்க்கவில்லை. 'நியாயமாக' என்ற சொல் என்னுடையது. மச்சான் எப்படி விழுந்தார் என்பது தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

5.19 என்பது சரி.

நாளை: மண்டிக்குப் போகும் முன், காலை மணி அடிப்பதற்குள் சப்பரக் கொட்டகைக்குப் போய், முன்தண்டின் வலப்பக்கத் துணியை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். முடிச்சு இறுகியிருக்கும். நனைப்பதற்கு ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்.